கல் வெட்டிய பள்ளம்

டிரைவர் அண்ணன் ஓட்டிய அலுவலக ஜீப்பின் இடப்பக்கக் கதவு உள்ளிருந்து திறக்காது. அவர் சுற்றி வந்து வெளியிலிருந்து திறந்துவிட வேண்டும். அப்படி ஒருநாள் திறந்துவிட்டு, "இங்கிட்டு உக்காந்து சாப்பிடுங்க மேடம், சோறு எறங்கும்" என்றார். குளத்தூர் சாலையிலிருந்து கொஞ்சம் உள்ளே, எப்போதோ கல் வெட்டி எடுத்துக் கைவிட்ட பள்ளம். மழைத்தண்ணீர் நிறைந்து கிடந்தது. ஒரு முக்குளிப்பான் பறவை ஜோடி தலையை நீட்டிப் பார்த்துவிட்டு உடனே மூழ்கியது.

நான் நாகர்கோவில்காரி. புதுக்கோட்டைக்கு மாற்றலாகி வந்த அன்றே இந்த ஊர் எனக்குக் கசந்துவிட்டது. வெயிலையும் புழுதியையும் கூடப் பொறுத்துக்கொள்ளலாம். மதியம் டப்பாவைத் திறந்தால் அலுவலகமே கூடி எனக்கு மாப்பிள்ளை தேடும். முப்பத்தாறு வயதில் தனியாக இருப்பது அவர்களுக்கு அவ்வளவு உறுத்தல். அதற்குப் பயந்து ஜீப்பில் உட்கார்ந்து சாப்பிட்டதை அண்ணன் கவனித்திருக்கிறார். அதன்பிறகு இரண்டு வருடம், வெளிவேலை நாளெல்லாம் எங்களுக்கு அந்தப் பள்ளத்தின் கரையில்தான் சாப்பாடு. அவர் தள்ளி ஒரு பாறையில் எனக்கு முதுகு காட்டி உட்கார்வார். ஒரு கேள்வி கேட்டதில்லை. அந்த அரைமணி நேரம் இல்லையென்றால் வேலையை விட்டே ஓடியிருப்பேன்.

புறம்போக்கு நிலங்களைப் பார்த்து எழுதும் வேலை வந்தது. அதே வாரம்தான் வேறொரு ஊரணிக்குச் சிமெண்டுக் கரை கட்டி, கலர் விளக்கும் செல்ஃபி எடுக்க ஒரு பெரிய இதயமும் வைத்திருந்தார்கள். எங்கள் பள்ளத்துக்கும் அந்தக் கதிதான் என்று பயந்தேன். படிவத்தில் 'பொதுமக்கள் பயன்பாடு' என்ற இடத்தில் 'இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஆளே வராத இடத்தில் யார் பெஞ்சு போடப் போகிறார்கள்? என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

நகராட்சிக்காரர்கள் தேடியதே யாருக்கும் பயன்படாத பள்ளத்தைத்தான், குப்பை கொட்டுவதற்கு. நாலே மாதத்தில் லாரிகள் வந்துவிட்டன. அறிக்கையைத் திருத்தித் தருகிறேன் என்று மேலதிகாரியிடம் கெஞ்சினேன். "நீங்க எழுதிக் குடுத்ததுதானங்க" என்று என் கையெழுத்தையே காட்டினார். அந்த முக்குளிப்பான் ஜோடி சில நாள் பாலித்தீன் பைகளுக்கு நடுவே முங்கி எழுந்துகொண்டிருந்தது. பிறகு காணவில்லை.

அண்ணன் ஓய்வுபெற்றுவிட்டார். புது டிரைவர் அந்த இடம் நெருங்கும்போதே கண்ணாடியை ஏற்றிவிடுகிறார். எனக்குத்தான் இன்னும் மாற்றல் வரவில்லை.

நான் எழுதியதை அண்ணனிடம் சொன்ன நாள் மறக்கவில்லை. லாரிகள் போய்வரும் பாதையோரம் வண்டியை நிறுத்தினார். கோபமே இல்லாமல் கேட்டார்: "ரெண்டு வருசமா அங்கன உக்காந்து சாப்பிட்டமே மேடம், நாமெல்லாம் பொதுமக்கள்ல சேத்தி இல்லீங்களா?"