நைனா போட்ட கோவிந்தா

ஒரு வெள்ளைப் பந்தைக் குச்சியால் அடித்துவிட்டு அதன் பின்னாலேயே மைல் கணக்கில் நடப்பவர்களைப் பார்க்க, புத்தூரிலிருந்து சென்னைக்கு டிபன்கூடச் சாப்பிடாமல் ஓடியது உலகத்திலேயே எங்கள் குடும்பம்தான். ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டையில் நைனா வேலை பார்த்த கம்பெனியின் வெளிநாட்டு மேனேஜர் கோல்ஃப் போட்டிக்குப் பாஸ் கொடுத்திருந்தார். கான்ட்ராக்டில் இருந்த நைனாவுக்குப் பர்மனென்ட் ஆர்டரே கைக்கு வந்துவிட்ட மாதிரி தலைகால் புரியவில்லை. எனக்கு ஞாயிற்றுக்கிழமை போயிற்று.

பஸ்ஸில் வழியெல்லாம் ஒரே பாடம்.

"அங்க யாரும் மூச்சு வுடக்கூடாது. மேனேஜர் சார் பக்கத்துலயே இருப்பாரு. இருமல் வந்தாக்கூட அடக்கிக்கினு நில்லு."

"இன்னாய்யா இது, எழவு வூட்டுக்கா இட்டுக்கினு போற?" என்றாள் அம்மா.

அங்கே உட்கார ஒரு நாற்காலி இல்லை. கயிற்றுக்கு இந்தப்புறம் நின்று வெயிலில் வறுபட்டோம். அடித்த பந்து எங்கே போகிறதென்று ஒருதரம்கூட எனக்குத் தெரியவில்லை. தெரிந்த மாதிரி எல்லோரும் தலையாட்டினார்கள். பசிக்குது என்றால் அம்மா முறைத்தாள். கால் வலிக்குது என்றால் நைனா உஷ் என்றார். கட்டிக்கொண்டு போன புளிசோறு பைக்குள்ளேயே கிடந்தது. ஏன்டா சாமி பிறந்தோம் என்றிருந்தது.

ஒருவழியாகக் குழி இருந்த இடத்துக்கு வந்து சேர்ந்தோம். மேனேஜர் தன் நாட்டு ஆட்டக்காரருக்காகக் காத்திருந்தார். அந்த ஆட்டக்காரரின் முறை வருமுன் ஓர் ஒல்லிப் பையன் வெகு தூரத்திலிருந்து பந்தைத் தட்டினான். அது உருண்டு, வளைந்து, நின்றுவிடும் போலிருந்து, குழிக்குள் விழுந்தது. எல்லோரும் கைதட்டி ஓய்ந்தார்கள். மேனேஜரின் ஆள் தன் பந்தைத் தட்டக் குனிந்தார். நைனாவுக்கு மட்டும் அடங்கவில்லை. திருப்பதி மலைமேல் சாமியைக் கண்டாலும் சரி, போன கரண்ட் திரும்பி வந்தாலும் சரி, எங்கள் பக்கத்து ஜனங்கள் வாயில் வருவது ஒரே சொல். இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கி, "கோவிந்தா... கோஓவிந்தா!" என்று போட்டார் பாருங்கள்! குனிந்திருந்தவரின் கை குலுங்கிப் பந்து குழியைத் தாண்டி ஓடியது.

மேனேஜர் திரும்பி ஒரு பார்வை பார்த்தார், அவ்வளவுதான். பர்மனென்ட் பேச்சு அதோடு முடிந்தது.

திரும்பி வரும் பஸ்ஸில் நைனா சாவகாசமாகப் புளிசோற்றைப் பிரித்தார்.

"கெடுத்துக்கினு வந்துட்டு துன்றதப் பாரு!" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

"வுடுடி. இன்னொரு பிடி வை," என்றார், சிரித்துக்கொண்டே.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்த மனிதருக்கு வெட்கமே கிடையாதா என்று ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அந்தக் கம்பெனிக்குள் நுழைந்த நாளிலிருந்து, மேனேஜர் எதிரில் "எஸ் சார்" தவிர வேறொரு வார்த்தை அவர் வாயிலிருந்து வந்தது அதுதான் முதல் தடவை என்பது அப்போது எனக்கு எங்கே தெரியும்?