கோமாளிக்கு வரைந்த முகம்

எனக்குப் படம் வரைய வரும் என்று யாரோ டீச்சரிடம் போட்டுக்கொடுத்துவிட்டார்கள். நான் அதுவரை வரைந்ததெல்லாம் பாடம் நடத்துவதற்கான அட்டைகளில் ஒரு பசுமாடு, ஒரு தென்னை மரம், ஒரு பூ. அந்தப் பசுமாட்டைப் பார்த்து, "இது என்ன, கழுதையா?" என்று கேட்டவர் அதே டீச்சர்தான். ஆனாலும் ஆண்டு விழா நாடகத்தில் கோமாளிக்கு முகம் எழுதும் வேலை என் தலையில் விழுந்தது.

திண்டுக்கல்லில் பெண்களுக்கான ஆசிரியப் பயிற்சிப் பள்ளி அது. அறுபதுகளின் தொடக்கம். நான் இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தேன். நாடகம் ஒரு ராஜா கதை. ராஜா, மந்திரி, சேவகன் எல்லாரும் பெண்பிள்ளைகளே. காட்சிக்குக் காட்சி வந்து ராஜாவைக் கேலி செய்துவிட்டு ஓடும் கோமாளி வேஷம் என் தோழிக்கு. ஹாஸ்டலில் என் பாய்க்கு அடுத்த பாய் அவளுடையது. நான் கன்னிவாடிக்காரி, அவள் எரியோட்டுப் பக்கம். இரண்டு வீடும் ஒரே சனம்தான், பெண் கொடுத்துப் பெண் எடுக்கிற வகை. அவளுக்கு அப்பா இல்லை, அண்ணன் வைத்ததுதான் சட்டம். பயிற்சியில் சேர்வதற்காக அந்த அண்ணனோடு நாலு நாள் பேசாமல், சாப்பிடாமல் கிடந்து ஜெயித்து வந்தவள். நல்ல கறுப்பு. சிரித்தால் முகம் முழுக்கச் சிரிக்கும். அவளை அழவைக்க ஒருத்தர் புதிதாகப் பிறந்து வரவேண்டும் என்று நாங்கள் சொல்வோம்.

முதலில் அரிசி மாவைக் குழைத்துப் பூசினேன். காய்ந்ததும் கோடைக் கண்மாய் மாதிரி வெடித்து உதிர்ந்தது. அடுத்து, நாடகக்காரர்கள் முத்துவெள்ளை என்று சொல்லும் பொடியை வாங்கித் தேங்காய் எண்ணெயில் குழைத்தேன். அது மினுமினு என்று வழிந்து கழுத்துக்கு வந்துவிட்டது. மூன்றாவது தடவைதான் வழி பிடிபட்டது. எண்ணெயை மிகக் குறைவாக விட்டுப் பூசி, அதன் மேல் முகப்பவுடரைத் தூவி, துணியால் ஒற்றி ஒற்றி எடுக்க வேண்டும். உதட்டுக்கும் கன்னத்துக்கும் குங்குமம் வைத்தால் கண்ணில் பட்டு எரிந்தது. சிவப்பு வண்ணக் காகிதத்தை நனைத்துத் தேய்த்தோம். புருவத்துக்குக் கண் மை. மூக்குக்குத்தான் என்ன செய்வதென்று தெரியவில்லை. பேகம்பூரிலிருந்து வந்து படித்த ஒருத்தியின் வீட்டில் தோல் வியாபாரம். அவள் மெல்லிய தோல் துண்டு ஒன்றைக் கொண்டுவந்தாள். அதை ஊறவைத்து, ஒரு சின்ன எலுமிச்சம்பழத்தின் மேல் இழுத்துக் கட்டிக் காயவிட்டேன். உருண்டையாக ஒரு கிண்ணம் கிடைத்தது. சிவப்புச் சாயம் ஏற்றி, காதில் மாட்ட நூல் கோத்தேன். நாற்றம் குடலைப் பிடுங்கியது.

"கோமாளி செத்துப்போய் நாலு நாளு ஆச்சா?" என்று கேட்டாள் என் தோழி, அதை மாட்டிக்கொண்டு.

முகத்தின் உயிர் வாய்க்கோட்டில் இருந்தது. உதட்டின் இரண்டு முனையிலிருந்தும் கன்னத்து மேடு வரை ஒரு வளைவு. அது அவள் கன்னத்துக்கென்றே போட்டது. அவள் பேசினால்கூட அந்தக் கோடு தனியாகச் சிரித்தது. அதை வரைவதற்குள் என் பிராணன் போகும். தாடையைப் பிடித்துக்கொண்டு, "சிரிக்காதடி, கோடு கோணும்" என்பேன். அதைச் சொன்னதுமே அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வரும். அழித்து மறுபடி வரைவேன். கண்ணாடியில் வெள்ளை முகத்தைப் பார்த்து, "ஒரு நாளாச்சும் செவப்பா இருந்து பாத்துட்டேன், போதும்" என்று சொல்வாள்.

விழாவுக்குப் பத்து நாள் முன்னால், ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா வந்தார். கையில் அரக்கு நிறத்தில் ஒரு பட்டுச் சேலை.

"ஏத்தா, விழா அன்னைக்கு வாசல்ல நின்னு வாரவுகளுக்குப் பன்னீரு தெளிப்பாகளாம்ல? அந்த வேலைய நீ கேட்டு வாங்கிக்க. இதக் கட்டிக்க" என்றார்.

"எதுக்குப்பா?"

"சொன்னாச் செய்."

பிறகு அவராகவே கொஞ்சம் அவிழ்த்தார். கொடைரோட்டுப் பக்கம் ஒரு குடும்பம். தென்னந்தோப்பு இருக்கிறது. விழாவுக்கு வருகிற மாதிரி வந்து, பன்னீர்ச் செம்பு பிடித்து நிற்கும் பெண்ணைப் பார்த்துவிட்டுப் போவார்கள். எங்கள் பக்கத்தில் இது வழக்கம். வீட்டுக்கு வந்து முறையாகப் பார்ப்பதற்கு முன்னால் கோயிலிலோ கல்யாணத்திலோ ஒரு தடவை பார்த்தும் பாராததுபோல் பார்த்துவிடுவார்கள். யாரும் யாரிடமும் பேர் கேட்கக் கூடாது. பிடிக்கவில்லை என்றாலும் யாருக்கும் அவமானம் இல்லை. அதனாலேயே அப்பா அன்றைக்கு வரமாட்டாராம்.

"பிடிச்சிருந்தா பங்குனியிலயே முடிச்சுரணும்னு சொல்றாக."

"சித்திரையில பரீட்சைப்பா."

"பரீட்சை எழுதி எந்தக் கோட்டையப் பிடிக்கப் போற?" என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

இரண்டு வருஷம் படித்தாயிற்று, கடைசி ஒரு மாசம் கையை விட்டுப் போகப்போகிறது. ஹாஸ்டலில் மாலை ஆறு மணிக்கு கேட்டை மூடிவிடுவார்கள். அன்று அந்த மூடிய கேட்டுக்கு உள்ளேதான் பத்திரமாக இருக்கிறேன் என்றும் தோன்றியது, அதற்குள்ளேதான் வசமாக மாட்டிக்கொண்டேன் என்றும் தோன்றியது. வெளியே போனாலும் கல்யாணம். உள்ளே இருந்தாலும் அவர்களே தேடி வந்து பார்க்கப்போகிறார்கள். பாயில் குப்புறப் படுத்து அழுதேன்.

என் தோழி முழுக் கதையையும் கேட்டாள்.

"அடக் கூறுகெட்டவளே, இதுக்கா அழுகுற? நீ என் கோமாளி மூஞ்சிய மாட்டிக்க. நான் ஒன் சேலையக் கட்டிக்கிட்டு பன்னீர்ச் செம்பத் தூக்கிட்டு நிக்கிறேன். என் கலரப் பாத்துட்டு வந்த பஸ்ஸுலயே திரும்பிருவாக" என்று சொல்லிச் சிரித்தாள்.

நானும் சிரித்தேன். இத்தனை வருஷத்துக்குப் பிறகும் என்னால் என்னை மன்னிக்க முடியாத இடம் அதுதான். அவளை யாரும் பார்த்து வேண்டும் என்று சொல்லமாட்டார்கள் என்பது எங்கள் இருவருக்குமே சந்தேகமில்லாமல் தெரிந்திருந்தது.

அவள் டீச்சரிடம் தொண்டை கட்டிவிட்டதாகச் சொன்னாள். ஆசையாகக் காத்திருந்த வேஷம், ஒரு வார்த்தை முணுமுணுக்காமல் விட்டுக்கொடுத்தாள். தினமும் ஒத்திகையில் உட்கார்ந்து முகத்தையே பார்த்துக்கொண்டிருந்ததால் கோமாளியின் வசனம் முழுக்க எனக்கு மனப்பாடம். திட்டிக்கொண்டே டீச்சர் என்னைப் போட்டார். பன்னீர்ச் செம்பு அவள் கைக்குப் போயிற்று.

விழா அன்று கண்ணாடி முன்னால் உட்கார்ந்து அதே வெள்ளை, அதே பவுடர், அதே கோடு எல்லாம் போட்டேன். முகம் வரவில்லை. அவளுடைய உப்பிய கன்னத்தில் ஏறிப்போன வளைவு என் ஒட்டிய கன்னத்தில் தொங்கிற்று. அழுகிற கோமாளியாகிவிட்டது. மாற்றி வரைய நேரமில்லை. தோல் மூக்கை மாட்டியதும் மூச்சு வாய் வழியாகத்தான் போய்வந்தது. வெள்ளை இறுகி இறுகி முகத்தோலைப் பிடித்துக்கொண்டது. வேர்வை வெளியே வர வழியில்லாமல் உள்ளேயே நின்று அரித்தது.

திரைச்சீலை இடுக்கு வழியாகப் பார்த்தேன். வாசலில் அவள், என் அரக்குச் சேலையில், தலை நிறையக் கனகாம்பரத்தோடு. வந்தவர்களில் ஒரு பெரிய அம்மா படியேறத் தடுமாறினார். அவள் செம்பைக் கீழே வைத்துவிட்டு, அவர் கையைப் பிடித்து அழைத்துவந்து, ஃபேனுக்குக் கீழே இடம் பிடித்து உட்காரவைத்தாள். ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தாள். அந்த அம்மா என்னவோ சொல்ல, முகம் முழுக்கச் சிரித்தாள். அதற்குள் டீச்சர் முதுகில் கைவைத்து என்னை மேடைக்குத் தள்ளிவிட்டார்.

தொங்கிய வாயைக் கண்டதுமே கூட்டம் சிரித்தது. நான் வாயைத் திறப்பதற்குள் மறுபடி சிரித்தது. மேடையில் குதித்துக்கொண்டே அந்த அம்மாவைப் பார்த்தேன். அவர் எங்கள் நாடகத்தைப் பார்க்கவே இல்லை. நாற்காலியில் திரும்பி உட்கார்ந்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். இறங்கி ஓடிப்போய், "அது நான் இல்லை, அவளை விட்டுடுங்க" என்று சொல்லத் தோன்றியது. ராஜா தன் வசனத்தைச் சொல்லி முடித்துவிட்டு எனக்காகக் காத்திருந்தார். நான் என் வசனத்தைச் சொன்னேன். கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று.

எண்ணெய் தொட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தபோது அவள் வந்தாள். "ஒரு ஆத்தா என் கன்னத்தத் தடவிட்டுப் போச்சுடி" என்று ஆச்சரியமாகச் சொன்னாள்.

பிடித்துப்போயிற்று என்று அப்பாவிடமிருந்து கடிதம் வந்தது. மாசியில் என்னை வீட்டுக்கு அழைத்துப்போனார்கள். பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகமே இருட்டு என்று நினைக்குமாம். என் கதையும் அதுதான். வந்து பார்ப்பார்கள், இவள் இல்லை என்று எழுந்து போவார்கள், தீர்ந்தது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு வாயைத் திறக்காமல் இருந்தேன்.

வந்தார்கள். காபித் தட்டோடு போய் நின்றேன். விழாவில் பார்த்த அதே அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"இந்தப் புள்ள இல்லையே. அது கருப்பா, களையா, சிரிச்ச மொகமாவுல்ல இருந்துச்சு."

அப்பாவின் முகம் செத்துப்போயிற்று. பெண்பிள்ளைகள் இடம் மாறி நின்றிருப்பார்கள் என்று ஏதோ சமாளித்தார். மாப்பிள்ளையின் மாமா நல்ல மனிதர், "வந்தது வந்துட்டோம். இந்தப் புள்ளைக்கு என்ன கொறச்சல்? இதுவே இருக்கட்டும்" என்றார். தலைகள் ஒவ்வொன்றாக ஆடத் தொடங்கின. பேசாமல் நின்றால் பங்குனியில் என் கழுத்தில் தாலி.

அந்த அம்மாதான் விடவில்லை. "செத்த இருங்க. ஏத்தா, அன்னைக்கு வாசல்ல நின்ன புள்ள யாரு? ஒனக்குத் தெரியுமா?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். என்னை யாரும் அடித்துக் கேட்கவில்லை. "எரியோடு" என்றேன். அவள் அண்ணன் பேரையும் சொன்னேன். வீட்டுக்கு அடையாளமாக ரைஸ் மில்லுக்கு எதிர்ச் சந்து என்பதையும் நானாகவே சேர்த்துச் சொன்னேன்.

அவர்கள் காபியை முழுசாகக் குடிக்காமல் கிளம்பினார்கள். அப்பா அதற்குப் பிறகு வெகுநாள் என்னோடு பேசவில்லை. ஒரு வாரத்தில் ஹாஸ்டலுக்கு அவள் அண்ணன் வந்து அவளையும் டிரங்குப் பெட்டியையும் அழைத்துப்போனார். இவ்வளவு கறுப்பான பெண்ணைத் தேடிவந்து கேட்கிற இடத்தை எந்த அண்ணன்தான் விடுவான்? அவள் மறுபடியும் நாலு நாள் சாப்பிடாமல் கிடந்தாளாம். இந்தத் தடவை ஜெயிக்கவில்லை. சித்திரையில் நான் பரீட்சை எழுதினேன். முப்பது வருஷத்துக்கு மேல் டீச்சராக இருந்தேன். அவள் எழுத வேண்டிய பரீட்சைக்கு அவள் நம்பர் ஒட்டிய பெஞ்சு எனக்கு முன்னால் காலியாகக் கிடந்தது.

பரீட்சைக்கு முன்னால், அந்தப் பங்குனியிலேயே அவள் கல்யாணம், கொடைரோட்டுப் பக்கம் மாப்பிள்ளை வீட்டில். எனக்குப் பிரத்யேகமாகச் சொல்லி அனுப்பியிருந்தாள்: மற்றவர்கள் யாரும் வேண்டாம், என் மூஞ்சிக்கு அவளே வந்து போடட்டும் என்று. காலையிலேயே போய்விட்டேன். ஒரு சின்ன அறையில் பாயில் உட்கார்ந்திருந்தாள். வாசலை அடைத்துக்கொண்டு பெண்கள், "பவுடரக் கொஞ்சம் கூடவே போடுங்க" என்றார்கள். நான் ஹாஸ்டலில் செய்த மாதிரியே பூசி, துணியால் ஒற்றி எடுத்தேன். அவள் தாடையை இடது கையால் பிடித்துக்கொண்டு கண்ணுக்கு மை தீட்டினேன். அடுத்து பொட்டு.

"சிரிக்காதடி, கோடு கோணும்" என்று பழக்கத்தில் வாய் சொல்லிவிட்டது.

"நான் எங்கடி சிரிக்கிறேன்?" என்றாள்.

கொஞ்ச நேரம் கழித்து, வாசலில் நிற்பவர்களுக்குக் கேட்காத குரலில் கேட்டாள்.

"ஏண்டி, எங்க ஊரையும் எங்கண்ணன் பேரையும் இவுகளுக்கு யாருடி சொன்னது?"

அவள் முகம் என் கைக்குள் இருந்தது. நாலு விரல் தூரத்தில் அவள் கண்கள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தன.

"அசையாத" என்றேன்.

அவள் அசையவில்லை. நான் பொட்டை வைத்து முடித்தேன்.