பெரிய பொட்டு தர மறுத்த கடைக்காரம்மா

1998-ஆம் வருடம். கீழ்பென்னாத்தூரிலிருந்து தினமும் பஸ் பிடித்து, வேங்கிக்காலில் ஓர் அலுவலகத்துக்கு டைப்பிஸ்ட் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். வயது இருபத்து நாலு. வீட்டில் வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அப்போதுதான் நெற்றியில் பொட்டு வைக்கும் இடத்தில் அரிப்பு ஆரம்பித்தது. வெயில்தான் என்று விட்டுவிட்டேன். அப்புறம் மிளகு அளவுக்கு ஒரு வெள்ளை விழுந்தது. மறைக்கக் கொஞ்சம் பெரிய ஸ்டிக்கர் பொட்டு வைத்தேன். வெள்ளையும் பெரிதானது. அதைவிடப் பெரிய பொட்டு வைத்தேன். ஆபீசில் யாரும் வாய்விட்டு எதுவும் கேட்கவில்லை. ஆனால் மதியம் என்னோடு சேர்ந்து சாப்பிட்டவர்கள் ஒவ்வொருவராகத் தள்ளி உட்கார்ந்தார்கள். அம்மா 'வெண்குஷ்டம்' என்ற வார்த்தையைச் சொல்லவே பயந்தாள்.

பத்து நாளில் பெண் பார்க்க வருவதாகத் தகவல் வந்தது. இருப்பதிலேயே பெரிய பொட்டு வாங்கலாம் என்று கோயில் பக்கத்து ஃபேன்சி ஸ்டோருக்குப் போனேன். அட்டையை எடுத்த கடைக்காரம்மா என் நெற்றியையே பார்த்தார்.

"பொட்டு வெக்கிற எடத்துல மட்டும்தான் வெள்ளையா இருக்குதாம்மா?"

"ஆமாங்க."

"அரிச்சுதா?"

"ஆமாங்க."

அட்டையைத் திரும்ப உள்ளே வைத்துவிட்டார். "இது இந்தப் பசையாலதான் இருக்கும். என் நாத்தனாருக்கும் இப்படித்தான் ஆச்சு. நான் விக்கிற பொருள்தான், ஆனா உனக்குத் தரமாட்டேன். மொதல்ல பெரியாஸ்பத்திரியில தோல் டாக்டரப் பாரு."

மறுநாளே போனேன். அங்கிருந்த லேடி டாக்டர் என் பொட்டு ஒன்றை முதுகில் ஒட்டி, மேலே பிளாஸ்திரி போட்டு, இரண்டு நாள் நனைக்காதே என்றார். பிரித்துப் பார்த்தபோது அந்த வட்டம் அப்படியே சிவந்து கொப்புளித்திருந்தது. "பசையில இருக்கிற ரெசின்ங்கிற ரசாயனம் உன் தோலுக்கு ஒத்துக்கலம்மா. இது யாருக்கும் தொத்தாது. பொட்ட நிறுத்து, நிறம் கொஞ்சம் கொஞ்சமா வரலாம்" என்றார். அந்த நாற்காலியிலேயே அழுதுவிட்டேன்.

பெண் பார்க்க வந்த அன்று, அம்மா எவ்வளவோ கெஞ்சியும் பொட்டு வைக்கவில்லை. மாப்பிள்ளையின் அம்மா முகம் மாறியது. நானே நடந்ததை எல்லாம் சொன்னேன். பக்கத்தில் இருந்த அவருடைய மகள் தன் பொட்டை மெதுவாக உரித்து, "எனக்கும் ஒரு மாசமா அரிக்குதுங்க" என்றாள். அடியில் சிவந்திருந்தது.

அந்த சம்பந்தம் அமையவில்லை. ஆனால் அந்தப் பெண் மறுவாரமே டாக்டரிடம் போனதாகக் கேள்விப்பட்டேன். பொங்கல் சமயத்தில் என் வெள்ளையின் நடுவே பழுப்பாகச் சின்னச் சின்னப் புள்ளிகள் தெரிந்தன. அம்மாதான் முதலில் பார்த்தாள். நிறம் முழுசாகத் திரும்ப இரண்டு வருஷம் ஆனது. அதற்கு முன்பே, என் நெற்றி விஷயம் எல்லாம் தெரிந்த ஒருவரோடு எனக்குக் கல்யாணமும் ஆகிவிட்டது.

எத்தனையோ பேர் பார்த்தும் பார்க்காதது போல ஒதுங்கிப் போனபோது, முகத்துக்கு நேரே அக்கறையோடு கேட்டவர் அந்தக் கடைக்காரம்மா ஒருவர்தான். அதனால் இன்றைக்கும் யார் முகத்திலாவது ஒரு மாற்றம் தெரிந்தால், நான் தள்ளி உட்காராமல் கிட்டே போய்க் கேட்டுவிடுகிறேன்.