பிழையை மறைத்துக் கொடுத்த பக்கம்

1. போன்

வியாழக்கிழமை காலை பதினோரு மணிக்கு சின்னுசாமி போன் செய்தார். திருச்செங்கோட்டில் எட்டு ரிக் வண்டி வைத்திருக்கிற முதலாளி. வருடத்தில் பாதி நாள் அந்த வண்டிகள் வடநாட்டில் போர்வெல் போட்டுக்கொண்டிருக்கும். எந்த வண்டி எங்கே இருக்கிறது என்று காட்டுகிற வெப்சைட்டை அவருக்கு எழுதிக் கொடுத்தவள் நான்.

"ஏனுங் மேடம், வடக்க போயிருக்கற நம்ம குமரேசன் ஓட்டற பிக்கப் வண்டி இப்ப எங்க நிக்குதுன்னு பாருங்க."

திறந்து பார்த்தேன். "டவுன்லதாங்க நிக்குது. பஸ் ஸ்டாண்டு பக்கம். மணி பதினொன்னு மூணுன்னு காட்டுது."

"எனக்கும் அப்படித்தானுங்க காட்டுது." குரல் உடைந்து சொன்னார். "காட்டு ரோட்டுப் பள்ளத்துல கவுந்து கெடக்குதுங்களாமா. முந்தாநாள்ல இருந்து. ஆளு போயிட்டானுங்க மேடம்."

பக்கத்தை மறுபடி ரீஃப்ரெஷ் செய்தேன். மணி பதினொன்று நாலு ஆனது. வண்டி பச்சைப் புள்ளியாக பஸ் ஸ்டாண்டு பக்கமே நின்றது.

2. கொஞ்சம் பாடம்

இருபத்திரண்டு வருடமாக சேலம் ஃபேர்லேண்ட்ஸில், ஒரு பல் ஆஸ்பத்திரியின் மாடியில் உட்கார்ந்து வெப் சர்வருக்கு நிரல் எழுதுகிறேன். புதிதாகச் சேருகிறவர்களுக்கு இந்தப் பாடத்தை நான்தான் எடுப்பேன். இங்கேயும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நான் செய்தது புரியாது.

ரீடைரக்ட் என்றால் கேட்டவரை வேறு பக்கத்துக்கு அனுப்புவது. அதில் இரண்டு வகை. தாலுகா ஆபீசில் போய் ஒரு ஃபைலைக் கேட்கிறீர்கள். "இங்க இல்ல, பக்கத்து மேசையில கேளுங்க" என்று கிளார்க் அனுப்புகிறார். இது வெளி ரீடைரக்ட். பிரவுசருக்கு இடம் மாறியது தெரியும், மேலே முகவரியும் மாறும். இன்னொரு கிளார்க் ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய், நீங்கள் கேட்ட ஃபைலுக்குப் பதில் வேறொன்றை எடுத்துவந்து அதே அட்டையில் வைத்துக் கொடுக்கிறார். இது இன்டர்னல் ரீடைரக்ட். வெளியே நிற்கிறவருக்கு எதுவும் தெரியாது.

சப்-ரிக்வெஸ்ட் என்பது, ஒரு பக்கத்தைத் தயார் செய்யும்போதே சர்வர் தனக்குத்தானே இன்னொரு பக்கத்தைக் கேட்டு வாங்கி நடுவில் ஒட்டிக்கொள்வது. எங்கள் சைட்டில் தலைப்பு, வண்டி எண், இப்போதைய மணி எல்லாம் மெயின் பக்கம் அச்சடிக்கும். வண்டி நிற்கிற இடம் மட்டும் சப்-ரிக்வெஸ்டில் வரும். அது ஜிபிஎஸ் கம்பெனியின் சர்வரைக் கேட்டுச் சொல்லும்.

வகுப்பில் இதுவரைதான் சொல்வேன். இதற்கு மேல் சொன்னதில்லை.

3. முதலாளி கேட்டது

சைட் ஓட ஆரம்பித்த முதல் மாதம் ஒழுங்காகத்தான் இருந்தது. வண்டி டவர் இல்லாத காட்டுக்குள் போனால் ஜிபிஎஸ் சர்வரிலிருந்து பதில் வராது, 504 என்று பிழை வரும். அந்த இடத்தில் 'தொடர்பு இல்லை' என்று சிவப்பில் போட்டிருந்தேன்.

சின்னுசாமி நேரில் வந்துவிட்டார். ரிக் தொழிலில் ஆள் போனால் ஆறு மாதம், எட்டு மாதம் வீடு திரும்ப மாட்டார்கள். வீட்டில் இருக்கிறவர்களுக்கும் அந்த லிங்க்கைக் கொடுத்திருந்தார். நல்ல எண்ணத்தில்தான் கொடுத்தார்.

"அந்தச் செவப்பு எழுத்தப் பாத்தா ஊட்டுல இருக்கற பொம்பளைங்க பயந்துக்கறாங்க மேடம். ஆபீசுக்கு போன் மேல போனு. வேல குடுக்கற பார்ட்டியும் பாக்கறானுங்க. வண்டிய தொலச்சுட்டீங்களான்னு கேக்கறான். கடைசியா எங்க நின்னுச்சோ அதையே காட்டீருங்க. எப்படியும் டவருக்குள்ள வந்துதான ஆகோணும்?"

எனக்கும் அது நியாயமாகப் பட்டது. நியாயமாகப் பட்டது என்பதைவிட, சுலபமாகப் பட்டது. பதில் வராவிட்டால் சேமித்து வைத்த பழைய பக்கத்துக்கு இன்டர்னல் ரீடைரக்ட். நாலு வரி. மதியச் சாப்பாட்டுக்கு முன் எழுதி முடித்துவிட்டேன். பிழை 504 அங்கேயே விழுங்கப்பட்டு, 'எல்லாம் சரி' என்கிற 200 வெளியே போனது. சப்-ரிக்வெஸ்டின் ஸ்டேட்டஸ் என்ன என்று மெயின் பக்கம் கேட்கவே இல்லை. நான் கேட்கச் சொல்லவில்லை.

பழைய இடத்துக்கு மேலே புது மணி அச்சாகும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. இருபத்திரண்டு வருட அனுபவம் அன்றைக்கு எங்கே மேயப் போயிருந்ததோ.

4. லாக் சொன்னது

போனை வைத்துவிட்டு, வருகிறதையும் போகிறதையும் சர்வர் குறித்துவைக்கிற லாக் ஃபைல்களைத் திறந்தேன். அக்சஸ் லாக்கில் வரிசையாக 200. குற்றம் குறை ஒன்றுமில்லை. எர்ரர் லாக்கில், செவ்வாய் மதியம் இரண்டேகாலிலிருந்து வரிக்கு வரி 504. அதை யாரும் பார்க்கவில்லை. பார்க்க வேண்டியவள் நான்.

நடந்தது இதுதான். பாறை குடைகிற பிட் தேய்ந்துபோனதால், புதிது வாங்க வடநாட்டு முகாமிலிருந்து குமரேசன் மட்டும் பிக்கப்பில் பக்கத்து டவுனுக்குப் போனார். வாங்கிக்கொண்டு திரும்பும் வழியில், டவுனைத் தாண்டியதும் டவர் போய், காட்டு ரோட்டில் வண்டி கவிழ்ந்து, கால் இரண்டும் உள்ளே மாட்டிக்கொண்டன. சாயங்காலம் ரிக் வண்டியின் ஃபோர்மேன், சிக்னல் கிடைக்கிற மேட்டுக்கு நடந்து வந்து சின்னுசாமிக்கு போன் செய்து, பிட் எங்கே என்று கேட்டிருக்கிறார். சின்னுசாமி பக்கத்தைப் பார்த்தார். டவுனில் நிற்கிறது. போன் போட்டால் லைன் போகவில்லை.

"குடிச்சுட்டு எங்கயாச்சும் படுத்திருப்பான், வரட்டும்னு சொல்லிட்டனுங்க மேடம்," என்று பிறகு என்னிடம் சொன்னார். "அவன் குடிக்கவே மாட்டானுங்க. அது தெரிஞ்சும் சொன்னேன்."

புதன்கிழமையும் அதே கேள்வி, அதே பச்சைப் புள்ளி. முகாமிலிருந்து அந்தப் பள்ளம் ஒன்பது கிலோமீட்டர். யாரும் தேடிப் போகவில்லை. வியாழன் காலை விறகுக்குப் போனவர்கள் பார்த்தார்கள். புதன் சாயங்காலம் வரை உயிர் இருந்திருக்கும் என்று டாக்டர் சொன்னாராம்.

சின்னுசாமியிடம் நாலு வரியைப் பற்றிச் சொன்னேன். "உட்டுருங்க மேடம், ரோடு சரியில்லைன்னு போலீசுல எழுதியாச்சுங்க" என்றார். யாராவது என்னைத் திட்டினால் தேவலை என்றிருந்தது.

5. பள்ளிபாளையம்

காரியமெல்லாம் முடிந்த பிறகு பஸ் ஏறிப் போனேன். குமரேசனின் மனைவி தேவகி பள்ளிபாளையத்தில் விசைத்தறிப் பட்டறையில் வேலை செய்கிறார். முப்பது வயதுகூட இருக்காது. தறிச் சத்தத்தில் பேச முடியாமல் வெளியே சாக்கடையோரம் வந்து நின்றோம். நான் யார், என்ன எழுதினேன், ஏன் அப்படிக் காட்டியது என்று எல்லாம் சொன்னேன்.

"அப்ப அதுல காட்டுனது பழசுங்களாக்கா?"

"ஆமாம்மா. செவ்வாய்க்கிழம மதியத்துது."

"மணி சரியாத்தான காட்டுச்சு? பட்டறைக் கடியாரத்தோட ஒத்துப் பாத்தனுங்க."

"மணி மட்டும்தாம்மா புதுசு. எடம் பழசு."

தேவகி தலையில் ஒட்டியிருந்த பஞ்சைத் தட்டிவிட்டுக்கொண்டார். "அன்னைக்கு அவரு போனுக்கு லைனு போகலீங்க. டவுன்லதான நிக்கறாரு, சார்ஜு இருக்காதுன்னு நெனச்சுட்டு சோறு ஆக்கித் தின்னுட்டுப் படுத்துட்டனுங்க. நாந்தானுங்க மொதலாளியக் கூப்புட்டு சத்தம் போட்டிருக்கோணும்."

"உன் தப்பு இல்லம்மா. தப்பு என்னுது. அதச் சொல்லத்தான் வந்தேன்."

"நீங்க என்னங்கக்கா பண்ணுவீங்க, மிசினு காட்டுனதுதான? நான் பொண்டாட்டிங்க. எனக்குத் தோணியிருக்கோணுமல்ல?"

நாலைந்து முறை மாற்றி மாற்றிச் சொல்லிப் பார்த்தேன். தலையை ஆட்டினார், ஏற்றுக்கொள்ளவில்லை. உள்ளே கூப்பிட்டார்கள். "வாரனுங்கக்கா" என்று போய்விட்டார்.

இதைப் படிக்கிற பிள்ளைகளுக்கு: சப்-ரிக்வெஸ்ட் செய்தால் அதன் ஸ்டேட்டஸைப் பாருங்கள். பழையதைக் காட்டியே தீர வேண்டுமென்றால், அது எத்தனை மணிக்கு எடுத்தது என்று அதன் மேலேயே எழுதுங்கள். பிழையை 200 ஆக்கி அனுப்பாதீர்கள், எந்த முதலாளி கேட்டாலும். தெரியாததைத் தெரியாது என்று சிவப்பில் போடுங்கள். வீட்டில் இருக்கிறவர்கள் பயப்படட்டும், போன் மேல் போன் செய்யட்டும். பயந்தால்தான் யாராவது தேடிப் போவார்கள்.

அந்த நாலு வரியை அன்றைக்கே எடுத்துவிட்டேன். என் தப்பைத் தன் தப்பு என்று நினைத்துக்கொண்டு தேவகி தினமும் தறிக்குப் போய்வருகிறார். அதை எடுக்க எனக்கு வழி தெரியவில்லை.