தொட்டுவிட்டுத் திரும்பி ஓடியவன்

1. தி.நகர் மண்டபம்

கோச் பிலிப் மைக்கை வாங்கி, "சென்னை அணியின் முதல் தேர்வு டில்லிபாபு, பாஸ் ரஷர்" என்று சொன்னபோது மண்டபத்தில் ஒருவரும் கைதட்டவில்லை. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அணி முதலாளி குமரப்பன் காபி டம்ளரை வாய்வரைக்கும் கொண்டுபோயிருந்தார். குடிக்கவும் இல்லை, இறக்கவும் இல்லை. அப்படியே வைத்திருந்தார்.

அவர் அதிர்ந்ததற்குக் காரணம் உண்டு. அடுத்த தெருவில் அவருடைய பாத்திரக் கடை வாசலில் முந்தின நாளே ஃபிளெக்ஸ் கட்டியாகிவிட்டது. இரண்டு ஆள் உயரப் படம். "எங்கள் குவார்ட்டர்பேக்கே வருக" என்று எழுதியிருந்தது. படத்தில் இருந்தவன் டில்லிபாபு இல்லை. மயிலாப்பூர் ஸ்ரீராம்.

"என்னய்யா இது? யாரய்யா டில்லிபாபு?" என்று என்னிடம் கேட்டார்.

"நான் கூட்டிக்கிட்டு வந்த பையன்தான் முதலாளி."

டம்ளரைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். அவ்வளவு நேரமும் நான் வெறும் வேன் டிரைவர் என்றுதான் அவர் நினைத்திருந்தார்.

ஆள் பார்க்கும் இந்த வேலைக்குப் புதிதாக வருகிற பிள்ளைகளுக்காக இரண்டு வரி சொல்லிவிடுகிறேன். அமெரிக்கன் ஃபுட்பாலில் காலுக்கு வேலை குறைவு, கைக்குத்தான் வேலை. இரண்டு பக்கமும் கூரான பந்து. அதை வாங்கிக்கொண்டு நாலு அடி பின்னால் போய், ஓடுகிற தன் ஆள் எவன் என்று பார்த்து எறிகிறவன் குவார்ட்டர்பேக். அவனுக்கு முன்னால் ஐந்து தடியன்கள் சுவர் மாதிரி நிற்பார்கள். அந்தச் சுவரைத் தாண்டிப் போய், அவன் எறிவதற்குள் அவனைக் கீழே தள்ளுகிறவன் பாஸ் ரஷர். டிராஃப்ட் என்பது ஆள் எடுப்பது. ஒவ்வொரு அணியும் முறை வைத்து ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி எடுக்கும். எங்களுடையது சின்ன லீக், அணிகள் குறைவு. அந்த வருடம் சீட்டுப் போட்டதில் முதல் முறை எங்களுக்கு விழுந்தது. ஸ்ரீராமை இரண்டாவதாக மதுரை அணி எடுத்துக்கொண்டது. அவர்களுக்கு நம்பவே முடியவில்லை. மதுரை மேனேஜர் எழுந்து வந்து பிலிப்பின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

2. என் வழி

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். நாக்பூர் லாரியில் கிளீனராகப் போனேன். சூரத்தில் மெஸ்ஸில் பாத்திரம் தேய்த்தேன். நெல்லூர் இறால் குட்டையில் காவல் இருந்தேன். எங்கே போனாலும் ஒரு வருடம் தாங்கமாட்டேன், கால் அரிக்கும். போகிற ஊரிலெல்லாம் கபடி ஆடினேன். முழங்கால் போனபிறகு பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் அடையாறில் இந்த அணியின் ஹெல்மெட், பேட் மூட்டைகளை ஏற்றுகிற வேன் ஓட்ட வந்தேன்.

பிலிப் வெளிநாட்டுக் கல்லூரியில் இந்த ஆட்டம் ஆடியவர். ஒருநாள் டீக்கடையில் கேட்டார்: "செல்வம், நீங்க இவ்ளோ டோர்னமெண்ட் பாத்திருக்கீங்களே. ஸ்பீடா, கையில சிக்காத ஆள் யாராவது தெரியுமா?"

அப்படித்தான் டில்லியைக் கூட்டிக்கொண்டு வந்தேன். அடையாற்றங்கரையிலிருந்து குடும்பத்தோடு ஊருக்கு வெளியே அடுக்குமாடிக் குடியிருப்புக்கு மாற்றப்பட்டவன். கிண்டியில் கார் சர்வீஸ் ஷெட்டில் வேலை. ரெய்டர். கபடி பாடிக்கொண்டு எதிரணிக்குள் போனான் என்றால், தொட்டதும் தெரியாது, திரும்பினதும் தெரியாது.

டிராஃப்டுக்கு முன்னால் பிலிப் என்னிடம் சொன்னார்: "எல்லாரும் குவார்ட்டர்பேக்கைத்தான் எடுப்பாங்க. நம்மகிட்ட சுமாரா எறியுற பையன் ஒருத்தன் இருக்கான், ஓட்டிக்கலாம். டில்லி மாதிரி சுவரைத் தாண்டுற ஆளு நம்மகிட்டயும் இல்ல, எவன்கிட்டயும் இல்ல. எடுத்தா அவனை எடுக்கணும். ஆனா முதலாளி கேட்டா நீங்களும் பக்கத்துல நிக்கணும்."

நிற்பேன் என்று சொன்னேன். டிராஃப்டில் பெயர் சொன்ன அன்றைக்கே டில்லி ஷெட் வேலையை விட்டுவிட்டு வந்துவிட்டான். அவன் இடத்துக்கு மறுநாளே வேறு ஆள் வந்துவிட்டான்.

3. சிவப்பு ஜெர்சி

லீக் விதி ஒன்று இருந்தது. டிராஃப்ட் முடிந்து ஒரு வாரத்துக்குள் இரண்டு அணிகள் பேசி ஆளை மாற்றிக்கொள்ளலாம். அதற்குப் பிறகு முடியாது. குமரப்பன் ஃபிளெக்ஸை இறக்கவில்லை. "சனிக்கிழமை மதுரையோட ப்ராக்டிஸ் மேட்ச் இருக்குல்ல, பார்ப்போம்" என்று மட்டும் சொன்னார். அந்தப் "பார்ப்போம்" எதற்கென்று எங்களுக்குப் புரிந்தது. டில்லிக்கும் புரிந்தது.

அந்த வாரம் முழுக்க அவன் உயிரைக் கொடுத்து ஆடினான். தடியன்களுக்கு நடுவே பாம்பு மாதிரி நுழைந்தான். பயிற்சியில் ஒரு வழக்கம் உண்டு. குவார்ட்டர்பேக்குக்கு மட்டும் சிவப்பு ஜெர்சி கொடுப்பார்கள். அவனை யாரும் இடிக்கக் கூடாது, தொட்டால் போதும், விசில் ஊதிவிடுவார்கள். அடிபட்டால் வேறு ஆள் இல்லை அல்லவா. இடிக்கவும் தள்ளவும் பஞ்சு அடைத்த டம்மி தனியாக இருக்கும்.

டம்மியை டில்லி நன்றாகத்தான் தள்ளினான். சிவப்பு ஜெர்சியைத் தொட்டுக்கொண்டே இருந்தான். தொட்டான், விசில் அடித்தது. தொட்டான், விசில் அடித்தது. பிலிப் சந்தோஷப்பட்டார். நானும் சந்தோஷப்பட்டேன். இதில் என்ன நடந்துகொண்டிருக்கிறது என்று எங்கள் இரண்டு பேருக்கும் உறைக்கவில்லை.

4. கிண்டி மைதானம்

சனிக்கிழமை காலை வெயில் ஏறுவதற்குள் ஆரம்பித்தார்கள். குமரப்பன் கோட்டு ஓரமாக நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். மதுரை பக்கம் ஸ்ரீராம், வெள்ளை ஜெர்சியில்.

முதல் பந்து. ஸ்ரீராம் பின்னால் போனான். டில்லி ஒருவனைக் குனிந்து தாண்டி, இன்னொருவன் கக்கத்துக்குள் புகுந்து, ஸ்ரீராமுக்கு நேர் பின்னால் போய் நின்றான். அவ்வளவு வேகத்தை நான் கபடியில்கூடப் பார்த்ததில்லை. நாற்காலியிலிருந்து முதலாளி பாதி எழுந்துவிட்டார்.

டில்லி ஸ்ரீராமின் முதுகை ஒரு விரலால் தொட்டான். தொட்டுவிட்டு, திரும்பி, எங்கள் பக்கத்துக்கு ஓடி வந்துவிட்டான்.

கையைத் தூக்கிக்கொண்டு, சிரித்துக்கொண்டு வந்தான். பின்னால் ஸ்ரீராம் திகைத்துப்போய் ஒரு நொடி நின்றான். பிறகு, தொல்லை செய்ய ஆளில்லாததால் சாவகாசமாகப் பார்த்து, தூரத்தில் ஓடிக்கொண்டிருந்தவனுக்கு எறிந்தான். அவன் கோடு தாண்டிப் புள்ளி எடுத்துவிட்டான்.

பிறகுதான் மதுரைக்காரர்கள் சிரிக்க ஆரம்பித்தார்கள். பிலிப் இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"டேய், கீழ தள்ளணும்டா" என்று கத்தினேன்.

"தொட்டுட்டேனே நைனா" என்றான். அவன் முகத்தில் சிரிப்பு இன்னும் மிச்சம் இருந்தது.

அடுத்த தடவை தள்ளுவதாகத்தான் போனான். போய்த் தொட்டான். கால் தானாகத் திரும்பிவிட்டது. பாதி வழியில் நினைவு வந்து நின்றான். அதற்குள் பந்து போய்விட்டது. மூன்றாவது தடவை தொடவே பயந்து, ஸ்ரீராமுக்கு முன்னால் கையைப் பிசைந்துகொண்டு நின்றான். "அண்ணே, இவிங்க ஆளு சாமி கும்புட வந்திருக்காரு போல" என்று மதுரை மேனேஜர் சத்தமாகச் சொன்னார்.

இடைவேளையில் குமரப்பன் எங்களைக் கூப்பிட்டார். கோபப்படவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"மதுரைக்காரன்கிட்ட பேசிட்டேன். ஸ்ரீராமைத் தாரேங்கான். நம்ம சுவர்ல நிக்கிற ரெண்டு பேரைக் கேக்கான், கொடுத்துருவோம். இந்தத் தொட்டு விளையாடுற பயலை அவனும் வேண்டாம்னுட்டான். மேட்ச் முடிஞ்சதும் வீட்டுக்கு அனுப்பிருங்க."

பிலிப் என்னைப் பார்த்தார். நிற்பேன் என்று சொல்லியிருந்தேன், நின்றேன். பிறகு டில்லியைத் தேடிப் போனேன்.

5. வேப்ப மரத்தடி

டில்லி ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு மரத்தடியில் உட்கார்ந்திருந்தான்.

"அனுப்பிடுவாங்களா நைனா?"

"ஆமா."

"ஷெட்டுல வேற ஆளு வந்துட்டான். நான் எங்க போவ?" கொஞ்ச நேரம் மண்ணைக் கிளறினான். "இன்னா பண்றதுன்னே தெரியல. மனசு தள்ளுங்குது. காலு வூட்டுக்கு ஓடிக்கினு கீது."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. சிறுவயதிலிருந்து அந்தக் கால் படித்த பாடம் ஒன்றே ஒன்று: தொட்டதும் திரும்பு, திரும்பாவிட்டால் நீ அவுட். வாரம் முழுக்க நாங்கள் விசில் ஊதி அதையே உறுதிப்படுத்தியிருந்தோம்.

"நீ பாடிப் போறதா நெனைக்கிற. அங்கதான் கோளாறு" என்றேன். "அவன்தான்டா பாடி வந்திருக்கான். பந்து கையில இருக்கிற வரைக்கும் அவன் பாட்டு. வுட்டான்னா மூச்சு வுட்டான். அதுக்குள்ள புடிக்கணும். நீ இப்ப ரெய்டர் இல்ல. கேச்சர்."

"நான் யாரையும் புடிச்சதில்ல நைனா. என்னத்தான் புடிப்பாங்க."

"உன்னை எங்க புடிப்பாங்க?"

யோசித்தான். "கணுக்கால்ல. மொத்த எடையும் முன்னால கீறப்ப, பின்னங்கால இழுப்பாங்க. ஒண்ணும் பண்ண முடியாது."

"அதை அவனுக்குப் பண்ணு."

விசில் ஊதிவிட்டார்கள். அவன் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு போனான்.

6. இரண்டாம் பாதி

முதல் பந்திலேயே ஸ்ரீராமின் கணுக்காலைப் பிடித்தான். ஸ்ரீராம் குப்புற விழுந்தான். எங்கள் தொழிலில் அதற்குச் 'சாக்' என்று பெயர். டில்லி எழுந்து, வழக்கம்போலவே கையைத் தூக்கிக்கொண்டு எங்கள் பக்கம் ஓடி வந்தான். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. மறுபடியும் பிடித்தான். மறுபடியும். மதுரை சுவர் அவனுக்காக இரண்டு பேரை ஒதுக்கியது, அவர்களுக்கு நடுவிலும் போனான். பிலிப் என் தோளை இறுக்கிப் பிடித்திருந்தார்.

பிறகு அது நடந்தது. கால் பிடிபட்ட பிறகும் ஸ்ரீராம் பந்தை விடவில்லை. எப்படியாவது எறிந்துவிடலாம் என்று கையை ஓங்கியபடியே சாய்ந்தான். ஊன்றக் கையில்லை. தோள் நேராகத் தரையில் போய் இடித்தது. சத்தம் எங்கள் பக்கம்வரை கேட்டது.

டில்லி அதற்குள் திரும்பிப் பாதி தூரம் ஓடி வந்துவிட்டான். எல்லாரும் எதிர்ப்பக்கம் ஓடுவதைப் பார்த்துத்தான் நின்றான். திரும்பிப் பார்த்தான். தூக்கிய கை அப்படியே இருந்தது.

நாங்கள் போனபோது ஸ்ரீராமின் முகம் வெளுத்திருந்தது. காறை எலும்பு தோலைத் தூக்கிக்கொண்டு தெரிந்தது. டில்லி பக்கத்தில் மண்டியிட்டு, எங்கே தொடுவது என்று தெரியாமல் கையை அந்தரத்தில் வைத்திருந்தான்.

"கால்ல தானே நைனா புடிச்சேன்" என்று என்னிடம் சொன்னான். திரும்பத் திரும்ப அதையே சொன்னான்.

ஸ்ரீராம்தான் பதில் சொன்னான். "நீ சரியாத்தான் பிடிச்சே. நான்தான் பந்தை வெச்சுண்டு நின்னுட்டேன்." பிறகு பிலிப்பைப் பார்த்து, "சார், எங்காத்துக்கு யாரும் இப்போ சொல்லிடாதீங்கோ. நானே அம்மாட்ட பேசறேன்" என்றான்.

ஆம்புலன்ஸ் போனபிறகு மதுரை மேனேஜர் எங்கள் பெஞ்சிலேயே வந்து உட்கார்ந்துவிட்டார். காலையில் சிரித்தவர். "எறியுறதுக்கு வேற ஆளே எடுக்கலண்ணே. ஒரு தோள்பட்டை மேல மொத்த டீமையும் வச்சிருந்திருக்கேன்" என்றார். அவருக்குத் தண்ணீர் கொடுத்தேன். மரத்தடியில் உட்கார்ந்து நான் சொன்ன நாலு வார்த்தை. அது இப்படிப் போய் முடிந்ததை என்னால் ஏற்கவே முடியவில்லை. இவ்வளவு ஊர் சுற்றி, லாரி கவிழ்ந்ததைக்கூடப் பார்த்தவன் நான். இப்படி ஆடிப்போனதில்லை.

குமரப்பன் கிளம்பும்போது என்னைக் கூப்பிட்டார்.

"கடைக்குப் போயி அந்த ஃபிளெக்ஸை இறக்கிரும். கட்டுப் போட்டுக் கெடக்கிற பையன் படத்தை வச்சு யாவாரம் பண்ணக்கூடாது."

"டில்லி, முதலாளி?"

"டில்லிக்கு என்ன? ஆளு மாத்துத பேச்சை விட்டாச்சு. அவன் நம்ம பையன்லா. திங்கக்கிழமை வரச் சொல்லும்."

திங்கட்கிழமை டில்லி வரவில்லை. ஆஸ்பத்திரியில் ஸ்ரீராமின் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். போய்க் கூட்டிக்கொண்டு வந்தேன். அந்த அம்மா அவனுக்கு ஃபிளாஸ்க் மூடியில் காபி ஊற்றிக் கொடுத்திருந்தார். அவன் யார் என்று தெரிந்துதான் கொடுத்திருந்தார்.

7. கேட்கிறவர்களுக்கு

ஸ்ரீராமின் எலும்பு கூடிவிட்டது. மறுவருடம் மறுபடி எறிந்தான். டில்லி இன்னும் எங்களிடம்தான் ஆடுகிறான். ஒவ்வொரு சாக்குக்குப் பிறகும் இரண்டு அடி எங்கள் பக்கம் ஓடுவான், நிற்பான், திரும்பிப் போய், விழுந்தவனைக் கை கொடுத்துத் தூக்கிவிட்டுத்தான் வருவான். அந்த இரண்டு அடியை யாராலும் அவனிடமிருந்து எடுக்க முடியவில்லை. இப்போது நாங்களும் முயல்வதில்லை.

ஆள் பார்க்கும் வேலைக்கு வருகிற பிள்ளைகள் என்னிடம் கேட்பது ஒரே கேள்வி: டிராஃப்டில் முதல் முறை கிடைத்தால் குவார்ட்டர்பேக்கா, பாஸ் ரஷரா? எனக்கு அதற்கு விடை தெரியாது. ஒருவன் தோள்மேல் மொத்த அணியும் நிற்கும். இன்னொருவன் அந்தத் தோளைத் தேடிப் போகிறவன். யாரை எடுத்தாலும், அவன் அதுவரை ஆடிய ஆட்டத்தையும் சேர்த்துத்தான் எடுக்கிறோம் என்று மட்டும் கற்றுக்கொண்டேன்.

அதனால் புதிதாக வருகிற எவனிடமும் ஓட்டத்தையும் எடையையும் நான் முதலில் பார்ப்பதில்லை. அவனை நிற்கவைத்து ஒன்று கேட்கிறேன்: ஆளைத் தொட்டதும் உன் கால் எந்தப் பக்கம் போகும்?