மாடியம்மாவின் மொழி

எங்கள் மாடி அறையின் ஜன்னலை அம்மா இப்போது மூடுவதே இல்லை. செங்கம் சாலையின் குரங்குத் தொல்லை தெரிந்த யாரும் அப்படிச் செய்யமாட்டார்கள். வாழைப்பழம் போகிறது, சோப்பு போகிறது, போன வாரம் தலையணையே போனது.

அந்த அறையில் வருடந்தோறும் மலைமேல் ஏற்றும் கார்த்திகை தீபத்துக்கு முன்பே வந்து, கோடை வெயில் ஏறும்வரை தங்கிய வெளிநாட்டுப் பெண்மணியை மாடியம்மா என்றுதான் கூப்பிடுவோம். அம்மாவின் தமிழுக்கு அவர் இங்கிலீஷில் பதில் சொல்வார். இருவருக்கும் எப்படியோ பேச்சு ஓடும். காலையில் அந்த ஜன்னலருகே உட்கார்ந்துவிட்டால் காபி ஆறிப்போவதுகூட அவருக்குத் தெரியாது.

நான் கல்லூரியில் சேர்ந்தபோது ஃபிரெஞ்சா, ஜெர்மனா என்று கேட்டார்கள். "ஃபிரெஞ்சுக்கு மார்க் ஜாஸ்தி போடுவாங்களாம், அதையே எடுத்துக்கோ" என்றாள் அம்மா. எடுத்துக்கொண்டேன். அந்த வருடம் மாடியம்மா வந்து இறங்கியதும் மாடிக்கு ஓடிப்போய்ச் சொன்னேன். மாடியம்மாவின் முகம் சற்று வாடி, பிறகு சிரித்தது. நல்ல மொழி என்றார். அவர் ஊர் ஆஸ்திரியா என்று எங்களுக்குத் தெரியும். அங்கே என்ன பேசுவார்கள் என்று யாரும் கேட்டதில்லை. வெள்ளைக்காரர் என்றால் இங்கிலீஷ், அவ்வளவுதான் எங்கள் தெருவுக்கு.

என் படிப்பு முடிகிற வருடம், ஊருக்குக் கிளம்பவிருந்தவருக்குப் பக்கவாதம் வந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து மாடிக்கே கொண்டுவந்தோம். அவருடைய தம்பி விமானத்தில் வந்துகொண்டிருந்தார். மாடியம்மாவுக்கு ஒரு பக்கம் அசைவில்லை. இங்கிலீஷ் சுத்தமாகப் போய்விட்டிருந்தது. வாயில் மிஞ்சியது ஒரே சொல்: "பெர்க்."

அம்மா தண்ணீர் கொடுத்தாள், போர்வையை மாற்றினாள். "இன்னா வேணும் மாடிம்மா, சொல்லுங்க" என்று கெஞ்சினாள். நான் ஃபிரெஞ்சில் கேட்டுப் பார்த்தேன், கண்ணை மூடிக்கொண்டார். போனில் இருந்த மொழிபெயர்ப்புக்கும் அந்தக் குழறல் பிடிபடவில்லை. சீசன் முடிந்து, கேட்கலாம் என்றால் அக்கம்பக்கத்தில் வெளிநாட்டுக்காரர் யாருமில்லை. அசைய முடியாதவர்மேல் குரங்கு பாய்ந்துவிடுமோ என்று அம்மா ஜன்னலின் மரக்கதவைச் சாத்தியே வைத்திருந்தாள்.

தம்பி வந்து சேர்வதற்குள் மாடியம்மா போய்விட்டார். தம்பி வந்து அழுது ஓய்ந்தபின் அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று அவரிடம் கேட்டேன். அது ஜெர்மன், மலை என்று அர்த்தம் என்றார்.

ஜெர்மன் எடுத்திருந்தால் எனக்கு அந்தச் சொல் தெரிந்திருக்கும். அம்மாவிடம் சொன்னபோது அவள் மாடி ஜன்னலைத் திரும்பிப் பார்த்தாள். "மலையையா கேட்டாங்க? நான்தானேடி மூடி வெச்சேன்."

இன்று காலையும் ஒரு குரங்கு வந்து சீப்பைத் தூக்கிப்போனது. "போ சனியனே" என்று அம்மா விரட்டினாள். பிறகு, காற்றில் பாதி சாத்தியிருந்த கதவை நன்றாகத் திறந்துவிட்டு, மாடியம்மா கிடந்த கட்டிலில் படுத்து, மலை தெரிகிறதா என்று பார்த்தாள்.