சர்புதீன் பாய் கேட்ட ஐந்தாவது புள்ளி

"மாமா மவுத்தாயிட்டாங்க. அசர் தொழுகைக்கு அப்புறம் அடக்கம்" என்று சர்புதீன் பாயின் மருமகன் போனில் சொன்னார். போனை வைத்துவிட்டு, பாயின் ஊரான லெப்பைக்குடிகாட்டுக்கு பஸ் ஏறினேன். பெரம்பலூரில் அவரும் நானும் எட்டு வருடம் கூட்டாக வரைபட ஆபீஸ் நடத்தினோம். வீட்டு பிளானுக்காகவோ நில அளவைக்காகவோ அங்கே வந்துபோனவர்கள் இதைப் படிக்கக்கூடும். உங்களுக்குத் தெரியாத ஒன்றைச் சொல்லவே எழுதுகிறேன்.

பாய் சவூதியில் ரோடு போடும் கம்பெனியில் வரைபடம் போட்டவர். எதையும் உடனே ஒப்புக்கொள்ள மாட்டார். நானே ஒரு கோடு போட்டுக் காட்டினாலும் "இருக்கட்டும், இன்னொரு தடவ அளந்துட்டு வாங்க" என்பார். எனக்கு எரிச்சலாக வரும்.

அரியலூர்ப் பக்கத்திலிருந்து ஓடைத் தெருக்காரர்கள் வந்தார்கள். பண்ணை வேலை பார்த்த குடும்பங்கள். சுண்ணாம்புக்கல் சுரங்கத்தார் அவர்களுடைய வீடுகளும் கொல்லையும் தங்கள் எல்லைக்குள் வருகின்றன என்றார்கள். அதை அதிகாரி விசாரிக்கவிருந்தார். சுரங்கம் வருவதற்கு முன்பே விமானத்திலிருந்து எடுத்த படம் ஒன்று அலைந்து திரிந்ததில் எங்களுக்குக் கிடைத்தது. அதில் தெருவும் ஓடையும் தெளிவாக இருந்தன. ஆனால் அப்படிப்பட்ட படம் சாய்ந்தும் இழுபட்டும் இருக்கும். கம்ப்யூட்டரில் நேராக்கினால்தான் கிராம வரைபடத்தின் மேல் பொருத்த முடியும். அதற்கு, படத்தில் தெரியும் சில இடங்களை நேரில் போய் அளந்து புள்ளிகளாகக் கொடுக்க வேண்டும்.

அதற்கான சாப்ட்வேர் மூன்று கண்ணில் பட்டன. முதலாவது, ஆபீஸையே விற்றாலும் எட்டாதது. திருச்சியில் அதன் திருட்டு சிடி கிடைக்கும் என்றேன். "ஹராம். அதோட, விசாரணையில எதுல செஞ்சீங்கன்னு கேட்டா என்னங்க சொல்லுவீங்க?" என்றார். இரண்டாவது நடுத்தர விலை. எத்தனை புள்ளி கொடுத்தாலும் வாங்கிக்கொண்டு, எது ஒத்துப்போகவில்லை என்று காட்டும். மூன்றாவது மலிவு. நான்கே புள்ளிதான் வாங்கும்.

பாய்க்கு இரண்டாவதுதான் வேண்டும். "நாலு புள்ளி குடுத்தா நாலும் பொருந்தத்தான் செய்யும். அஞ்சாவது ஒண்ணு ஒத்துக்குதான்னுல்ல பாக்கணும்? மகன் பணம் அனுப்புவான், ஒரு மாசம் பொறுங்க. விசாரணைக்கு வாய்தா கேப்போம்." வாய்தா கேட்டால் நம்மிடம் ஆதாரம் இல்லையென்று நினைப்பார்கள் என்று நான் சண்டை பிடித்தேன். ஒரு வாரம் அவரை நச்சரித்து மூன்றாவதை வாங்கவைத்தேன்.

புள்ளி எடுக்கப் போனதும் நான்தான். கிணறு, மதகு, சாலை முக்கு, நான்காவதாக எல்லையம்மன் மேடை. படத்தில் அது வெள்ளையடித்த சிறு சதுரமாகப் பளிச்சென்று தெரிந்தது. கூட வந்த அஞ்சலையிடம் "இதுதானேம்மா எல்லையம்மன்?" என்று கேட்டேன். "ஆமாங்க, எங்க ஆத்தாதான்" என்றாள். அளந்துகொண்டு வந்தேன். கம்ப்யூட்டர் பிழை பூச்சியம் என்றது. எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. பாய் மட்டும் அந்தப் பூச்சியத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

விசாரணையில் எதிர்த்தரப்பு சர்வேயர் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஓடைய ரோட்டு மேல ஓட விட்டிருக்கீங்களே சார்?" அதிகாரியே சிரித்துவிட்டார். தெருவும் தன் இடத்தில் இல்லை. படத்தைத் தள்ளிவிட்டார்கள்.

வெளியே வந்ததும் அஞ்சலை சொன்னாள்: "லாரி இடிக்குதேன்னு ஆத்தாவ உள்ளாற தள்ளி வெச்சு நாலு வருசமாச்சு. பொங்க வெச்சு, உத்தரவு கேட்டுத்தான் நகத்துனோம். நீங்க எல்லையம்மாவான்னுதான கேட்டீங்க?" படத்தில் இருந்தது மேடையின் பழைய இடம், நான் அளந்தது புதிய இடம். அவள்மேல் என்ன தப்பு? அவர்களுக்கு ஆத்தா எங்கே இருந்தாலும் ஆத்தாதான். எப்போதிருந்து இங்கே இருக்கிறாள் என்று நானல்லவா கேட்டிருக்க வேண்டும்?

தெருக்காரர்கள் எங்களைச் சூழ்ந்துகொண்டார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் பாய் சொன்னார்: "என் தப்புங்க. புள்ளிய நான்தான் சரிபாக்கல. சாப்ட்வேரும் நான் வாங்குனதுதான்." நான் பக்கத்திலேயே நின்றேன். திறக்கவிருந்த வாயை மூடிக்கொண்டேன்.

மகன் பணம் அனுப்பியதும் பாய் இரண்டாவதை வாங்கினார். ஏழு புள்ளி கொடுத்ததுமே எல்லையம்மன் மட்டும் ஒத்துப்போகவில்லை என்று காட்டிவிட்டது. சரியான படத்தை எடுத்துக்கொண்டு எத்தனையோ ஆபீஸ் ஏறினார். உத்தரவு போட்டாகிவிட்டது என்றார்கள். தெரு இருந்த இடம் குழியாகிவிட்டது. ஒருநாள் டீக்கடையில் "ஊருக்கு உண்மையச் சொல்லிடுறேன் பாய்" என்றேன். "சொன்னா வூடு திரும்பி வருமா? குடிங்க, ஆறிடும்" என்றார். அதைச் சாக்காக வைத்து நானும் சும்மா இருந்துவிட்டேன்.

அடக்கத்தன்று வீட்டு வாசலில் அஞ்சலை நின்றிருந்தாள். "பாய் அளந்தது தப்பாப் போச்சு. அவர வையாத நாளில்ல. ஆனா வராம இருக்க முடியலீங்க" என்றாள். நான் "ஆமாம்மா" என்றேன். அன்றும் அவ்வளவுதான் சொன்னேன்.

பாயிடமிருந்து எனக்கு மிஞ்சியது, எனக்காக அவர் வாங்கிக்கொண்ட வசவு. அதை அவர் பெயரிலிருந்து கழற்றி என் பெயரில் எழுதிவிட்டேன். அஞ்சலைக்குப் படிக்கத் தெரியாது. அது தெரிந்துதான் எழுதியிருக்கிறேன்.